பிராங்கிளின் பட்டம் விட்டாரா, விடவில்லையா? – வாழ்க்கை வரலாற்றில் சர்ச்சைக்குரிய தகவல்கள் (விவாத இழை)

ஏடுதேடி:
18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க அச்சகரும் அறிவியலாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்கிளினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதுவதால், ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப அச்சேறுகின்றன. இடிமேகத்தில் இருப்பது மின்சாரமா என்று பார்க்க அவர் விட்ட பட்டத்தின் மேல் மின்னல் விழுந்தது, கூட நின்றது சின்னப் பையன், வான்கோழியைத் தேசியப் பறவையாக்கச் சொன்னார், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் யோசனை அவருடையது, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தார். இந்த ஐந்துமே தப்பு.

கடைசியை இங்கேயே முடித்துவிடலாம். அவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1785 முதல் 1788 வரை பென்சில்வேனியா மாநில நிர்வாக மன்றத்தின் தலைவராக இருந்தார். அந்தப் பதவியின் பெயரும் ‘பிரசிடெண்ட்’தான். 100 டாலர் நோட்டில் முகத்தைப் பார்த்தவர்கள் மீதியைத் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள்.

மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம். ஒரே வேண்டுகோள்: எந்தத் தகவலைச் சொன்னாலும் அதை முதலில் எழுதியவர் யார், சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டத்திலிருந்து தொடங்கலாம்.

கம்பிவேலை:
முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டத்தின் மேல் மின்னல் விழவில்லை. விழுந்திருந்தால் பிராங்கிளின் 1752-லேயே இறந்திருப்பார். ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அதற்கு முன் ஈரக் கயிறும் பட்டுநாடாவும் எம்மாத்திரம்?

சோதனை எப்படி வேலை செய்தது என்றால், தெளிந்த நாளில்கூடத் தரைக்கு அருகே காற்றில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம் இருக்கிறது. இடிமேகம் தலைக்கு மேல் வந்தால் அது பல ஆயிரம் வோல்ட் ஆகிவிடும். அந்தப் புலத்துக்குள் கூர்முனையுள்ள கம்பியை உயரத்தில் நிறுத்தினால் முனை வழியாக மின்னூட்டம் கசியும். அது நனைந்த கயிறு வழியே கீழே இறங்கி, கயிற்றின் அடியில் கட்டிய சாவியில் சேரும். அங்கிருந்து கை வரை வருவது பட்டுநாடா. பட்டு உலர்ந்திருந்தால் மின்னூட்டம் கைக்குக் கடக்காது. விரல் முட்டியைச் சாவியின் பக்கத்தில் கொண்டுபோனால் பொறி பறக்கும். லேடன் ஜாடி என்ற அந்தக் காலத்து மின்சேமிப்புக் குடுவையைச் சாவியில் தொடவைத்தால் அதுவும் நிரம்பும். மின்னல் வெட்டவே தேவையில்லை, மேகம் வந்தாலே போதும்.

ஆகவே கயிறு நனைய வேண்டும், நாடா நனையக் கூடாது. அதற்காகத்தான் பட்டம் பிடிப்பவர் கதவுக்கு உள்ளேயோ கூரைக்குக் கீழேயோ நிற்க வேண்டும், கயிறு கதவு நிலையில் உரசக் கூடாது என்று பிராங்கிளினே எழுதினார். உரசினால் சேர்ந்ததெல்லாம் சுவர் வழியே தரைக்குப் போய்விடும்.

இப்போது நம் புத்தகங்களில் வரும் படத்தைப் பாருங்கள். கொட்டும் மழையில் திறந்தவெளியில் நிற்கிறார், சாவிக்கு மேலே கயிற்றைப் பிடித்திருக்கிறார். 1876-இல் அமெரிக்காவில் வெளியான கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சுப்படத்தின் வழி வந்தது இது. அப்படிப் பிடித்தால் மின்னூட்டம் சாவிக்கு வரும் முன்பே அவர் உடம்பு வழியாக இறங்கிவிடும். படம் வரைந்தவருக்குச் சோதனை புரியவில்லை.

யாரும் செய்து பார்க்க வேண்டாம். மின்னல் விழாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 1753 ஆகஸ்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற பேராசிரியர், கூரையில் நட்டு வீட்டுக்குள் இறக்கிய கம்பியின் அளவுமானியைக் குனிந்து பார்த்தபோது, கம்பியிலிருந்து பாய்ந்த மின்சாரம் நெற்றியில் தாக்கி அந்த இடத்திலேயே இறந்தார். அந்தக் கம்பிக்கு எர்த் கிடையாது. சோதனைக்காகவே தரையோடு தொடர்பில்லாமல் வைத்திருந்தார்கள்.

குமுதினி:
விளக்கத்துக்கு நன்றி, கம்பிவேலை ஐயா. இந்தச் சோதனை நடக்கவே இல்லை, பிராங்கிளின் கட்டிவிட்ட கதை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்களே. அவர்கள் காட்டும் காரணங்களை எளிதில் ஒதுக்க முடியவில்லை. 1752 அக்டோபர் 19 தேதியிட்ட தன் பென்சில்வேனியா கெசட் இதழில் பட்டத்தை எப்படிச் செய்வது என்று எழுதினார். ஆனால் ‘நான் செய்தேன்’ என்ற சொல் அதில் இல்லை. பிலடெல்பியாவில் வெற்றி கண்டது என்று மட்டும் இருக்கிறது. நாள் இல்லை, இடம் இல்லை, சாட்சி இல்லை. மகன் வில்லியமும் பின்னாளில் இதைப் பற்றித் தன் பெயரில் எதுவும் எழுதிவைக்கவில்லை. ஜூனில் செய்ததை அக்டோபர் வரை ஏன் மூடிவைக்க வேண்டும்?

ஏடுதேடி:
நியாயமான கேள்வி. அக்கா கேட்டதற்குக் காலவரிசையில்தான் விடை கிடைக்கும்.

1750-இல் பிராங்கிளின் முன்வைத்தது பட்டம் அல்ல, காவற்கூண்டு. உயரமான கோபுரத்தின் மேல் ஒரு ஆள் நிற்கும் கூண்டு, அதிலிருந்து மேலெழும் கூர்முனை இரும்புக் கம்பி, கம்பியின் அடியில் மின்காப்புப் பலகை. லண்டனில் அவருடைய நண்பர் பீட்டர் காலின்சன் 1751-இல் இதை அச்சிட ஏற்பாடு செய்தார். அது பிரெஞ்சுக்குப் போனது. 1752 மே 10 பிற்பகல் பாரிசுக்கு அருகே மார்லியில் தாலிபார் என்பவர் ஏற்பாடு செய்த சுமார் 40 அடி கம்பியில் முதல் பொறி வந்தது. அன்று தாலிபார் ஊரில் இல்லை. பொறியை எடுத்தவர் குவாஃபியே என்ற முன்னாள் படைவீரர், ஓடிவந்து சேர்ந்துகொண்டவர் ஊர்ப் பாதிரியார். மேகத்தில் இருப்பது மின்சாரமே என்று முதலில் காட்டியவர்கள் இவர்கள்தான். பட்டச் சோதனை ஜூனில் நடந்திருந்தாலும் அது முதலாவது அல்ல.

மார்லிச் செய்தி கடல் கடந்து பிலடெல்பியா பத்திரிகைக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. அதைப் படித்தபின் முதலிடத்தைப் பங்கு போட பிராங்கிளின் பட்டக் கதையைப் புனைந்தார் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் முதலிடத்தைப் பிடிக்கப் பொய் சொல்ல வந்தவர் தேதியைத் தெளிவாகப் போட்டிருப்பார் அல்லவா? இவர் தேதியே போடவில்லை. ஐரோப்பாவில் கம்பிச் சோதனை வெற்றி கண்டதைக் குறிப்பிட்டுத்தான் அந்தக் குறிப்பையே தொடங்குகிறார்.

ஜூன் என்ற சொல் முதலில் வருவது 1767-இல், ஆங்கிலேய அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய மின்சார வரலாற்றில். அதாவது 15 ஆண்டு கழித்து. பிலடெல்பியாவில் ஒரு கோபுரம் கட்டி முடியக் காத்திருந்து பட்டத்துக்கு மாறியது, தோற்றால் ஊர் சிரிக்கும் என்று மகனிடம் மட்டும் சொன்னது, வயலில் இருந்த கொட்டகை, முதலில் வந்த மேகம் பலனில்லாமல் கடந்தது, நம்பிக்கை போகும் நேரத்தில் கயிற்றின் தளர்ந்த நார்கள் சிலிர்த்து நின்றது, எல்லாம் அவர் எழுத்தில்தான் வருகின்றன. அப்போது லண்டனில் இருந்த பிராங்கிளின் இந்த நூல் எழுத அவரை ஊக்கியவர். ஆகவே இந்த விவரங்கள் அவர் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் பிரீஸ்ட்லியும் நாளைச் சொல்லவில்லை. ஜூன் 10 என்றும் 15 என்றும் இணையத்தில் வருபவை பிற்காலச் சேர்க்கை. எழுதும்போது ‘1752 ஜூன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

‘நான் செய்தேன்’ என்று அவர் எங்குமே எழுதவில்லை என்பதும் சரியல்ல. தன் சுயசரிதையில், மார்லியைக் குறிப்பிட்டபின், பிலடெல்பியாவில் தானே பட்டம் கொண்டு செய்த அதேபோன்ற சோதனையின் வெற்றி தந்த மகிழ்ச்சியை ஒரே வரியில் சொல்லி, இரண்டும் மின்சார வரலாற்று நூல்களில் இருக்கின்றன என்று கடந்துபோகிறார். முதுமையில் எழுதிய வரி அது. ஆனாலும் தன்மை ஒருமையில் சொன்ன வரி.

எனக்கு இவற்றைவிட வலுவாகப் படும் சான்று வேறு. அதே அக்டோபர் மாதம் காலின்சனுக்குப் போன கடிதத்தில், பிரான்சில் கட்டடங்களின் மேல் கூர்முனைக் கம்பி நடத் தொடங்கிவிட்டார்களாமே, நாங்கள் அதற்கு முன்பே எங்கள் அகாடமியின் (கல்விக்கூடம்) மேலும் ஸ்டேட் ஹவுஸ் (அரசு மாளிகை) கோபுரத்தின் மேலும் வைத்துவிட்டோம் என்கிறார். ஊரே பார்க்கும் இடங்கள் அவை. அதைப் பொய்யாக எழுதுவது கடினம். செப்டம்பரில் தன் வீட்டிலும் கம்பி நட்டு, மின்னூட்டம் வந்தால் ஒலிக்க இரண்டு மணிகளைத் தொங்கவிட்டார். அதைக் கொண்டு அடுத்த ஏப்ரலில், மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்று கண்டார். புனைகதைக்காரர் இவ்வளவு தொடர்வேலை செய்யமாட்டார்.

‘நடந்தது’ என்று நூற்றுக்கு நூறு நிறுவ முடியாது. ‘நடக்கவில்லை’ என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நடந்தது என்ற பக்கமே கனமாக இருக்கிறது.

வடலி:
பட்டக்காரர் பார்வையில் கொஞ்சம் சொல்லலாம். அது செய்யக்கூடிய, பறக்கக்கூடிய பட்டம்தான். லேசான தேவதாரு வகை மரச் சிம்பு இரண்டைச் சிலுவையாக வைக்க வேணும். அதன் நான்கு முனையும் பெரிய மெல்லிய பட்டுக் கைக்குட்டையின் நான்கு மூலைக்கு எட்ட வேணும். மூலைகளைச் சிம்பு முனையில் கட்டினால் பட்டத்தின் உடம்பு தயார். கடதாசி போட்டால் முதல் தூறலிலேயே கிழிந்துபோகும், அதனால்தான் பட்டுத்துணி. பிறகு வால், முச்சை, நூல். தமிழ்நாட்டில் முச்சையைச் சூத்திரம் என்பினம். நிமிர்ந்து நிற்கும் சிம்பின் உச்சியில் ஒரு அடிக்கு மேல் நீளும் கூரான கம்பி. நூல் சணல். நூலின் கீழ்நுனியில் பட்டுநாடா, இரண்டும் சேரும் இடத்தில் சாவி.

சதுரப் பட்டு நனைந்தால் பாரம் கூடும். ஆனால் இடிமழைக்கு முன்னால் வரும் காற்று அதைத் தூக்கப் போதும். பட்டம் முதலில் உலர்ந்த நிலையில் ஏற வேணும், ஏறினபிறகு நனைய வேணும். மழை பெய்யத் தொடங்கின பிறகு ஏற்றலாம் என்று பார்த்தால் ஏறாது. கொட்டகைக்குள் நின்றுகொண்டும் ஏற்ற ஏலாது. ஒருவர் வெளியில் ஓடி ஏற்ற, மற்றவர் உள்ளே நாடாவைப் பிடிக்க வேணும். மகன் எதற்கு என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கு.

இன்னொரு பெயரையும் சேர்க்க வேணும். பிரான்சில் நெராக் என்ற ஊரில் ஜாக் டி ரோமா என்பவர் 1753 ஜூன் 7-ஆம் தேதி பட்டம் விட்டார். அவர் நூல் மேல் செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். அதனால் மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பொறியும் பெரிசாக வந்தது. யோசனை பிராங்கிளினுடையதைப் பார்க்காமல் தனக்கே வந்தது என்று அவர் கடைசிவரை வாதாடினார். தேதியோடு சாட்சியோடு பதிவான பட்டச் சோதனை என்றால் அவருடையதைத்தான் சொல்ல வேணும்.

பஞ்சாங்கம்:
பிறந்தநாள் தகராறு. சில நூல்களில் 1705 ஜனவரி 6, சிலவற்றில் 1706 ஜனவரி 6, பெரும்பாலானவற்றில் 1706 ஜனவரி 17. மூன்றும் ஒரே நாள்தான்.

அவர் பாஸ்டனில் பிறந்தபோது பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஜூலியன் நாட்காட்டி நடைமுறை. அதில் சட்டப்படி வருடப்பிறப்பு மார்ச் 25. ஆகவே ஜனவரி 6 அன்று இன்னும் 1705 முடியவில்லை. அதனால்தான் பழைய ஏடுகளில் 1705/6 என்று கோடு போட்டு எழுதுவார்கள். 1752-இல் பிரிட்டன் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இடையில் 11 நாள் இல்லை. 6-உடன் 11-ஐக் கூட்டினால் 17. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நாழிகைக் கணக்கு மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நாள் ஒன்று, கணக்குதான் இரண்டு.

தவறு எங்கே வருகிறது என்றால், ஆண்டைப் பழைய முறையிலும் நாளைப் புதிய முறையிலும் கலந்து ‘1705 ஜனவரி 17’ என்று எழுதும்போது. அப்படி ஒரு பிறந்தநாள் அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிறந்து அன்றைக்கே ஓல்டு சவுத் தேவாலயத்தில் ஞானஸ்நானம். கிழமையைச் சரிபார்த்தாலும் பொருந்துகிறது.

குமுதினி:
நன்றி. அடுத்து வில்லியம். அவர் தாய் யார்? ஒரு கட்டுரையில் டெபோரா என்றும், இன்னொன்றில் வீட்டு வேலைக்காரி பார்பரா என்றும் பார்த்தேன்.

அச்சுமை:
குமுதினி, இதற்கு நேர்மையான ஒற்றைவரி: தாய் பெயர் எந்த நம்பகமான ஏட்டிலும் இல்லை. கிடைப்பவற்றைக் கனம் பார்த்து அடுக்குகிறேன்.

வயது: 1750 ஏப்ரலில் பிராங்கிளின் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் வில்லியமுக்கு இப்போது வயது 19 என்கிறார். அப்படியானால் பிறப்பு 1730 ஏப்ரலுக்கும் 1731 ஏப்ரலுக்கும் இடையில். பட்டம் விட்டபோது அவருக்கு 21 வயது. ‘சின்னப் பையன்’ படத்தை மறுக்க இந்த ஒரு கடிதமே போதும்.

திருமணம்: 1730 செப்டம்பர் 1 முதல் பிராங்கிளினும் டெபோரா ரீடும் கணவன் மனைவியாக வாழத் தொடங்கினார்கள், தேவாலயச் சடங்கு இல்லாமல். காரணம் டெபோராவின் முதல் கணவர் ரோஜர்ஸ். கடன்பட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடியவர், இறந்துவிட்டார் என்று வதந்தி மட்டும் வந்தது. அவர் திரும்பி வந்தால் இருவர்மேலும் இருதார மணக் குற்றம் விழும். பென்சில்வேனியாவில் அதற்குத் தண்டனை 39 கசையடியும் ஆயுள் சிறையும். ரோஜர்ஸின் கடன்காரர்கள் புதுக் கணவன் கழுத்தைப் பிடிக்கலாம் என்ற பயமும் இருந்தது. ‘சேர்ந்து வாழ்ந்தார்கள்’ என்று இன்றைய பொருளில் எழுதிவிடக் கூடாது. ஊரும் சட்டமும் ஏற்ற மணம்தான் அது.

இந்தத் தேதிகளை வைத்து, மணத்துக்கு முன்பே டெபோரா கருவுற்றிருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். அதற்கு எதிரான சான்றுகள் இரண்டு. 1755-இல் அந்த வீட்டில் எழுத்தராக இருந்த டேனியல் ஃபிஷர், டெபோரா வில்லியமைக் கடுமையாக ஏசியதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1763-இல் ஜார்ஜ் ராபர்ட்ஸ் என்ற பிலடெல்பியாக்காரர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், வில்லியம் மணத்துக்குப் புறம்பான பிள்ளை என்பது ஊரறிந்தது, தாய் வசதியில்லாதவர், ஆனால் தெருவில் பிச்சை எடுக்கிறார் என்ற பேச்சு பொய், பிராங்கிளின் சிறிது உதவுகிறார் என்கிறார். அப்போது டெபோரா அதே ஊரில் பிராங்கிளினின் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்தார். டெபோராதான் தாய் என்றால் இப்படி எழுத வழியில்லை.

பார்பரா என்ற பெயர் வருவது 1764 பென்சில்வேனியா சட்டமன்றத் தேர்தலில் எதிரணி விட்ட துண்டுப்பிரசுரத்தில். வேலைக்காரிதான் தாய், பட்டினி போட்டு, கல்லறைக் கல்கூட இல்லாமல் புதைத்தார் என்று அதில் இருந்தது. அந்தத் தேர்தலில் பிராங்கிளின் தோற்றார். தேர்தல் நேரத்து வசைத்தாளை வாழ்க்கை வரலாற்றுச் சான்றாக எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பார்பரா என்ற ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கலாம், தாய் என்பதற்கு அந்தத் தாள் போதாது.

வில்லியம் நியூஜெர்சியின் ஆளுநராகி, புரட்சியில் மன்னர் பக்கம் நின்று, 1776-இல் கைதாகி, கடைசியில் இங்கிலாந்தில் குடியேறினார். தந்தையும் மகனும் 1785-இல் சவுத்தாம்ப்டனில் கடைசியாகச் சந்தித்தார்கள். போரில் என் எதிரிப் பக்கம் நின்றதால் இதற்குமேல் சொத்து இல்லை என்று உயிலில் எழுதியிருக்கிறார். அதில் சர்ச்சை எதுவும் இல்லை.

ஏடுதேடி:
டெபோராவின் மகன் பிரான்சிஸ் பற்றியும் ஒன்று இருக்கிறது. அம்மை குத்தியதால்தான் அந்த நான்கு வயதுப் பிள்ளை இறந்தது என்ற பேச்சு 1736-லேயே கிளம்பியது. பிராங்கிளின் அந்த டிசம்பரிலேயே தன் பத்திரிகையில் மறுத்து எழுதினார்: பிள்ளைக்கு அம்மை குத்தவே இல்லை, வயிற்றுப்போக்கிலிருந்து தேறிய பிறகு குத்த நினைத்திருந்தோம், அதற்குள் இயற்கையாகவே பெரியம்மை கண்டுவிட்டது என்று. பிள்ளையைப் பறிகொடுத்த சில வாரங்களில், மற்றப் பெற்றோர் பயந்து பின்வாங்கக் கூடாது என்பதற்காக அதை எழுதினார். சுயசரிதையிலும் அந்த வருத்தம் இருக்கிறது. தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இவர் பெயரைப் பயன்படுத்தினால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

அச்சுமை:
சுயசரிதை என்றதும் ஓர் எச்சரிக்கை. அது 1771-இல் தொடங்கி இடைவெளி விட்டுவிட்டு 1790 வரை எழுதப்பட்டது, கதை 1757-உடன் நின்றுவிடுகிறது. ஆகவே புரட்சி, பாரிஸ், 1783 சமாதான ஒப்பந்தம் பற்றியெல்லாம் ‘சுயசரிதையில் சொல்கிறார்’ என்று யாராவது எழுதினால் அது கட்டுக்கதை. பெரும்பகுதி நினைவிலிருந்து எழுதியது, வழுக்கல் உண்டு. அண்ணன் ஜேம்ஸ் 1721-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கூரண்ட் அமெரிக்காவின் இரண்டாவது செய்தித்தாள் என்கிறார். அதற்கு முன் பாஸ்டன் நியூஸ்லெட்டர் 1704-இல், பாஸ்டன் கெசட்டும் பிலடெல்பியாவின் அமெரிக்கன் வீக்லி மெர்குரியும் 1719-இல் வந்துவிட்டன. ஒரே இதழோடு முடக்கப்பட்ட 1690-ஆம் ஆண்டுத் தாளை விட்டுவிட்டாலும் கூரண்ட் நான்காவது.

பதிப்பும் முக்கியம். முதலில் அச்சானது 1791-இல் பிரெஞ்சில். பேரன் டெம்பிள் 1818-இல் வெளியிட்டது திருத்திய பாடம். கையெழுத்து மூலத்தை ஒட்டிய பதிப்பு 1868-இல் ஜான் பிகலோ கொண்டுவந்ததுதான். சொல்லுக்குச் சொல் வாதாடுகிறவர்கள் எந்தப் பாடம் என்று பார்க்க வேண்டும். கடிதங்களுக்கு யேல் பல்கலைக்கழகமும் அமெரிக்கத் தத்துவக் கழகமும் சேர்ந்து வெளியிட்டுவரும் தொகுதிகள் இருக்கின்றன. (சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்த எலிஹு யேல்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.)

பொன்மொழிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ‘சேமித்த ஒரு காசு சம்பாதித்த ஒரு காசு’ அவருடையது என்கிறார்கள். அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் 1737-இல் அச்சிட்டது ‘சேமித்த ஒரு பென்னி இரண்டு பென்னி லாபம்’ என்ற பொருளில். கடவுள் நம்மை நேசிக்கிறார் என்பதற்குப் பீர் சான்று என்ற வரி அவருடையதே அல்ல. நண்பர் மொரெல்லேவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது மழைநீர் கொடிவேரில் இறங்கித் திராட்சை மதுவாவதைப் பற்றி.

வடலி:
வான்கோழி, கடிகாரம் இரண்டையும் முடித்துவிடுவம். இரண்டும் 1784.

வான்கோழி வருவது மகள் சாராவுக்கு எழுதின கடிதத்தில். சின்சினாட்டி சங்கம் என்ற படை அதிகாரிகள் அமைப்பின் பதக்கத்தில் கழுகு வான்கோழி மாதிரித் தெரியுது என்ற பேச்சிலிருந்து, கழுகு மீனைப் பிடுங்கித் தின்னும் பறவை, அதைவிட வான்கோழி மதிப்பானது என்று எழுதினார். தேசிய முத்திரை 1782-லேயே முடிவாகிவிட்டது. 1776-இல் முத்திரைக்காக ஜெபர்சன், ஆடம்ஸோடு குழுவில் இருந்தபோது அவர் முன்மொழிந்தது பறவையே இல்லை. செங்கடல் பிளந்து மோசே கரையில் நிற்க, பார்வோன் படை மூழ்கும் காட்சி.

கடிகாரம் வருவது பாரிஸ் பத்திரிகைக்குப் பெயர் போடாமல் எழுதின நகைச்சுவைக் கடிதத்தில். பாரிஸ்காரர் விடிந்த பிறகும் தூங்கி, இரவில் மெழுகுதிரியை வீணாக எரிக்கினம் என்று அதில் கணக்குப் போட்டார். மார்ச் 20 முதல் செப்டம்பர் 20 வரை 183 இரவு, 1 லட்சம் குடும்பம், இரவுக்கு 7 மணி நேரம், மணிக்கு அரை இறாத்தல் (பவுண்டு) மெழுகு. பெருக்கினால் 6 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் இறாத்தல். இறாத்தலுக்கு 30 சூ, 20 சூ ஒரு லிவ்ர் (இரண்டும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு). மொத்தம் 9 கோடியே 60 லட்சத்து 75 ஆயிரம் லிவ்ர். இதை மிச்சம்பிடிக்க ஜன்னல் மூடிக்கு வரி போடு, மெழுகுதிரியை அளந்து கொடு, விடிய மணி அடி, பத்தாதென்றால் பீரங்கி சுடு என்கிறார். ஆட்களை நேரத்துக்கு எழுப்பச் சொன்னார், கடிகார முள்ளைத் தொடச் சொல்லவில்லை. முள்ளை நகர்த்தும் யோசனை நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன் 1895-இலும், இங்கிலாந்தின் வில்லியம் வில்லட் 1907-இலும் சொன்னது.

கம்பிவேலை:
கண்டுபிடிப்புகளில் இரண்டு. இடிதாங்கி அவருடையது, சந்தேகமில்லை. 1753-க்கான பஞ்சாங்கத்தில் செய்முறையே போட்டார்: ஆணி செய்யும் கொல்லர்கள் பயன்படுத்தும் மெல்லிய இரும்புக் கம்பி, கீழ்முனை ஈரமண்ணில் 3 அல்லது 4 அடி ஆழம், மேல்முனை கூரை உச்சிக்கு மேல் 6 அல்லது 8 அடி, நுனியில் பின்னல் ஊசி கனத்தில் ஒரு அடிப் பித்தளைக் கம்பி கூராக்கி. நீளமான வீடு என்றால் இரு முனையிலும் ஒவ்வொன்று, இடையே முகட்டில் கம்பி. சோதனைக் கம்பியையும் இடிதாங்கியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது தரையைத் தொடக் கூடாது, பின்னது தரையைத் தொட்டே ஆக வேண்டும். ரிச்மனைக் கொன்றது ‘பிராங்கிளின் இடிதாங்கி’ என்று எழுதுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

‘பிராங்கிளின் அடுப்பு’ என்று இன்று விற்கப்படுவது அவர் 1740-களில் செய்த அடுப்பு அல்ல. அவருடையதில் புகை ஒரு இரும்புக் காற்றுப்பெட்டியின் மேலேறி, பின்பக்கமாகக் கீழிறங்கி, தரைக்கடியில் போய், பிறகு புகைபோக்கியில் ஏற வேண்டும். சூடான புகை தானாகக் கீழே இறங்காது. புகைபோக்கி குளிர்ந்திருந்தால் இழுவை இல்லை, அறை முழுக்கப் புகை. பின்னாளில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் அந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தார். வேலை செய்தது அந்த வடிவம்தான், பெயர் மட்டும் பிராங்கிளினுக்கு. காப்புரிமை தருகிறேன் என்று ஆளுநர் சொன்னபோது மறுத்தது உண்மை.

இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் முதலிடம் இன்னும் முடிவாகவில்லை. 1784, 1785-இல் வாட்லி என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களில் தன் கண்டுபிடிப்பு என்று சொல்கிறார். குறைவான குவிவு மேல்பாதி, அதிகக் குவிவு கீழ்பாதி, இரண்டையும் வெட்டி ஒரே வளையத்தில் பொருத்தியது. லண்டனில் அதற்கு முன்பே அப்படிச் செய்தார்கள் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ‘தனக்காகச் செய்துகொண்டார், பரப்பினார்’ என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

குமுதினி:
அடிமைமுறை பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘அடிமை ஒழிப்புப் போராளி’ என்ற ஒரே வரியில் முடிக்கிறார்கள், அது பாதி உண்மை. பல ஆண்டுகள் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. 1757-இல் அவரும் மகன் வில்லியமும் லண்டனுக்கு பீட்டர், கிங் என்ற இரண்டு அடிமைகளை அழைத்துச் சென்றார்கள். கிங் தப்பிப்போனார். சஃபோக்கில் ஒரு சீமாட்டி அவருக்கு எழுதப்படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தது பிராங்கிளினின் கடிதத்திலேயே இருக்கிறது.

1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளியைப் பார்த்தபின், அவர்களின் இயல்பான அறிவுத்திறன் பற்றித் தன் கருத்து உயர்ந்தது என்று எழுதினார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். 1790 பிப்ரவரியில் காங்கிரசுக்குப் போன மனுவில் அவர் கையெழுத்து. ஏப்ரல் 17-இல் இறந்தார்.

உயிலில் தன் அடிமைகளை விடுதலை செய்தார் என்பதைத் துல்லியமாக எழுத வேண்டும். 1757 உயில்: தான் இறந்தபின் பீட்டருக்கும் மனைவி ஜெமிமாவுக்கும் விடுதலை. ஆனால் அவர் அதற்குப் பிறகு 33 ஆண்டு வாழ்ந்தார். 1788 உயில்: மருமகன் ரிச்சர்ட் பாஷின் கடனைத் தள்ளி, அதற்குப் பதிலாக பாஷிடம் இருந்த பாப் என்பவரை விடுவிக்கக் கேட்டார். பாப் பாஷின் அடிமை, பிராங்கிளினின் அடிமை அல்ல.

ஏடுதேடி:
அக்கா சொன்னபடியே சேர்த்துக்கொள்கிறேன். விடுபட்டது எலும்புகள். 1998-இல் லண்டனில் பிராங்கிளின் பல ஆண்டு வாடகைக்குத் தங்கியிருந்த கிரேவன் தெரு 36-ஆம் எண் வீட்டைப் புதுப்பிக்கும்போது அடித்தளத்தில் ஒரு மீட்டர் அகலக் குழியில் 1,200-க்கு மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன, குறைந்தது 15 பேருடையவை. உடனே ‘பிராங்கிளின் தொடர் கொலைகாரரா’ என்று காணொளிகள் வரத் தொடங்கின. எலும்புகளில் ரம்பத்தால் அறுத்த தடம், மண்டையோட்டில் துளை. வீட்டுக்கார அம்மாவின் மகள் பாலியை மணந்த வில்லியம் ஹியூசன் 1772 முதல் அங்கே உடற்கூறியல் பள்ளி நடத்தினார். 1774-இல் பிணத்தை அறுக்கும்போது ஏற்பட்ட காயம் சீழ்பிடித்து இறந்தார். ஹியூசன் குடும்பம் அந்த வீட்டை எடுத்துக்கொண்டபோது பிராங்கிளினும் வீட்டுக்கார அம்மாவும் அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியிருந்தார்கள். பள்ளி நடப்பது அவருக்குத் தெரியும். கொலை என்பதற்கு ஒரு துரும்பும் இல்லை.

பட்டப் படத்துக்குக் கீழே போட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: ‘1752 ஜூனில் பிலடெல்பியாவில் பிராங்கிளின், 21 வயது மகன் வில்லியமுடன், இடிமேகத்தின் கீழ் பட்டம் விட்டு அதன் மின்னூட்டத்தைச் சாவியில் சேர்த்தார் என்று 1767-இல் பிரீஸ்ட்லி எழுதினார். பட்டத்தை மின்னல் தாக்கவில்லை.’

கம்பிவேலை:
‘சாவியில்’ என்பதற்கு முன் ‘நனைந்த சணல் கயிறு வழியே’ என்று சேருங்கள். ஓவியரிடம் மூன்று மாற்றம் கேளுங்கள்: இருவரும் கொட்டகைக்குள் நிற்க வேண்டும், கை சாவிக்குக் கீழே பட்டுநாடாவில் இருக்க வேண்டும், மகனுக்கு அப்பா உயரம் இருக்க வேண்டும்.